மொட்டைமாடியில் ஒரு சென்சார்: கேள்வி பதில்

வீட்டிலேயே வெப்பம், ஈரப்பதம், தூசி அளக்கும் கருவி செய்கிற மதுரைப் பக்கத்துக்காரர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். கேட்டவரின் ஊர் கேள்விக்கு முன்னால் இருக்கிறது.

செல்லூர்: முதல் தடவையாகச் செய்கிறேன். என்ன சென்சார் வாங்கலாம் அண்ணே?

பிஎம்இ 280 வாங்குங்கள் தம்பி. வெப்பம், ஈரப்பதம், காற்றழுத்தம் மூன்றையும் ஒரே சில்லு தந்துவிடும். சென்சாரைப் படித்து வைஃபையில் அனுப்பும் இஎஸ்பி 32 போர்டோடு நாலு வயரில் வேலை முடிந்தது. நீல நிற டிஹெச்டி 11 மலிவுதான், ஆனால் இரண்டு டிகிரி முன்பின் காட்டும். ஈரப்பதம் அளக்கத் தெரியாத பிஎம்பி 280-ஐ பிஎம்இ என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. சில்லின் அடையாள எண்ணைப் படித்துப் பாருங்கள்: பதினாறடிமானத்தில் (ஹெக்ஸ்) 60 வந்தால் பிஎம்இ, 58 வந்தால் ஏமாந்தீர்கள். அப்புறம், போர்டையும் சென்சாரையும் ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். வைஃபை ஓடும் போர்டு சூடாகும், சென்சார் அந்தச் சூட்டைத்தான் சொல்லும். ஒரு முழம் வயர் விடுங்கள்.

திருமங்கலம்: தினமும் சாயங்காலம் நாலு மணிக்குக் காற்றழுத்தம் இறங்குகிறது. மழை வருமென்று காய்ந்த துணியை எடுத்தால் வெயில் அடிக்கிறது. சென்சார் பழுதா?

பழுதில்லை. கடலுக்கு இருப்பதுபோல காற்றுமண்டலத்துக்கும் ஏற்ற இறக்கம் உண்டு. மேலே இருக்கும் ஓசோனும் நீராவியும் வெயிலை வாங்கிச் சூடாவதால் வருவது இது. காலை பத்து, இரவு பத்து வாக்கில் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அதிகாலை நாலு, மாலை நாலு வாக்கில் தாழும். நம்மைப் போல நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இது தெளிவாகவே தெரியும். அதனால் நாலு மணி அளவை நேற்றைய நாலு மணியோடு ஒப்பிடுங்கள், பத்து மணியோடு அல்ல. வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவாகி நெருங்கும்போது இந்த அலை முழுவதுமே கீழே இறங்கும், அன்றைக்குத் துணியை எடுங்கள். வானிலைச் செய்தியில் சொல்வதைவிட உங்கள் எண் குறைவாக இருந்தாலும் பயப்பட வேண்டாம். அவர்கள் கடல்மட்டத்துக்குத் திருத்திச் சொல்வார்கள். மதுரை சுமார் 100 மீட்டர் உயரம், அதற்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 12 ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு, மில்லிபார் என்றாலும் அதுதான்) குறையும்.

வில்லாபுரம்: எந்த சென்சார் நல்லது?

செல்லூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

அனுப்பானடி: என் மாடி சென்சார் 49 டிகிரி காட்டியது. விமான நிலையத்தில் 40 என்கிறார்கள். குறைத்துத்தானே சொல்கிறார்கள்?

இல்லை. அவர்கள் அளப்பது நிழலில் உள்ள காற்றை. வெள்ளை அடித்த, காற்றுப் புகும் பலகைச் சட்டம் வைத்த பெட்டிக்குள், தரையிலிருந்து ஆளின் மார்பு உயரத்தில் வெப்பமானி இருக்கும். உங்களுடையது தளத்தின் அனலிலும் நேர் வெயிலிலும் கிடக்கிறது.

மேலூர்: நாங்கள் என்ன பெட்டிக்குள்ளா நடக்கிறோம்? வெயிலில் காட்டுவதுதானே உண்மை வெப்பம்?

அதே வெயிலில் கறுப்பு டப்பாவையும் வெள்ளை டப்பாவையும் வையுங்கள், இரண்டு உண்மை கிடைக்கும். அது டப்பாவின் சூடு ஐயா.

அனுப்பானடி: சரி, ராத்திரி பத்து மணிக்கும் என் மாடி தெருவைவிடச் சூடாக இருக்கிறதே, அப்போது வெயில் ஏது?

இதை மறுக்க மாட்டேன். பகலில் குடித்த வெயிலைக் கான்கிரீட் ராத்திரி கக்குகிறது. உள்ளே படுத்திருப்பவருக்கு விமான நிலையத்தின் 40-ஐவிட இதுதான் முக்கியம். நீர்புகாத டிஎஸ்18பி20 வெப்ப சென்சார் ஒன்றை அறைக்குள் மேற்கூரையில் ஒட்டுங்கள். தளத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் ஒரு வாரம், அடித்த பின் ஒரு வாரம் வரைபடம் எடுங்கள். அதைப் பார்க்க எனக்கே ஆசை.

மேலூர்: அப்போ நான் சொன்னதும் சரிதானே?

இல்லை. டப்பா டப்பாதான். நிழலில் ஒன்று, வெயிலில் ஒன்று வைத்து அளந்துகொண்டு வாருங்கள், பேசலாம்.

திருநகர்: எம்க்யூ 135 வாயு சென்சார் வைத்துக் கரியமிலவாயு பார்க்கிறேன். ஊதுபத்தி கொளுத்தினால் எகிறுகிறது.

எகிறத்தான் செய்யும். புகை, பெயிண்ட், ஸ்பிரிட் எதற்கும் ஏறும். கரியமிலவாயு வேண்டுமென்றால் எஸ்சிடி 40 வாங்குங்கள். சமையல் கேஸ் கசிவுக்குக் கடையில் விற்கும் தரச்சான்று பெற்ற அலாரம் போதும், அதில் கைவேலை வேண்டாம்.

உசிலம்பட்டி: வேப்பமரத்தில் தொங்கவிடலாமா?

நிழல் பிரமாதம். வயரை அணில் கடிக்காமல் குழாய்க்குள் விடுங்கள்.

அவனியாபுரம்: மார்கழி விடியலில் தூசி சென்சார் பிஎம் 2.5 என்னும் நுண்தூசியைக் கனமீட்டருக்கு 150 மைக்ரோகிராமுக்கு மேல் காட்டுகிறது. புகையே இல்லை.

லேசர் சென்சாருக்குத் தூசியும் பனித்துளியும் ஒன்றுதான். பக்கத்தில் ஈரப்பத சென்சார் வைத்து, 90 சதவீதம் தாண்டிய நேரத்து எண்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நாட்டின் வரம்பான 60 என்பது 24 மணி நேரச் சராசரி என்பதையும் மறக்க வேண்டாம். டப்பாவில் போர்டும் கூடவே இருக்கிறதா? பிரித்து வையுங்கள் என்று மேலேயே சொன்னேன்.

ஒத்தக்கடை: இஎஸ்பி 8266 வைஃபை போர்டு புது மோடத்தில் சேரவே மாட்டேன் என்கிறது.

அதற்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். மோடத்தில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வையுங்கள், சேர்ந்துவிடும்.