டைகாஸ்ட் லாரிகள்: கேட்டவையும் என் பதில்களும்

டைகாஸ்ட் லாரிகளை, அதாவது அச்சில் உலோகத்தை வார்த்துச் செய்த சின்ன மாதிரி லாரிகளை, சேர்க்கத் தொடங்கி இருபது வருடம் ஆகிறது. அதில் பாதிக்கு மேல் அவற்றைப் பிரிப்பதிலும் பெயிண்ட் அடிப்பதிலும் மாற்றிக் கட்டுவதிலும் போயிருக்கிறது. இந்தச் சில வாரங்களில் வந்த கேள்விகளை இங்கே சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி வந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, புதுசா ஆரம்பிக்கிறேன். 1:64, 1:50, 1:43, 1:87ன்னு என்னென்னவோ சொல்றாங்க. எதை எடுக்குறது?

1:64 என்றால் நிஜ லாரியின் 64இல் ஒரு பங்கு, மற்றவையும் அப்படித்தான். முதலில் டேப்பை எடுத்து அலமாரியை அளந்துகொள்ளுங்கள் தம்பி. நாற்பதடி கன்டெய்னர் நிஜத்தில் 12.19 மீட்டர் நீளம். 1:87இல் அது 14 சென்டிமீட்டர், 1:64இல் 19, 1:50இல் 24, 1:43இல் 28. இழுவை வண்டியையும் சேர்த்தால் 1:50இல் முழு வண்டி 33 சென்டிமீட்டரைத் தொடும். இதைக் கணக்குப் போடாமல் வாங்கிவிட்டு அலமாரிக் கதவை மூட முடியாமல் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நுணுக்கமான லாரிகளுக்கு 1:50தான் ராஜா. டெக்னோ, கான்ராட், என்.இசட்.ஜி., டபிள்யூ.எஸ்.ஐ. எல்லாம் இந்த அளவில் வண்டி செய்கிறார்கள். ஆனால் மாற்றிக் கட்டக் கற்றுக்கொள்ள 1:64 போதும். கெட்டுப்போனாலும் மனசு அவ்வளவு வலிக்காது.

உள்ளங்கை அளவில் வரும் பொம்மை லாரிகள் பெரும்பாலும் எந்த அளவுக்கும் கட்டுப்பட்டவை அல்ல. அட்டைப்பெட்டியில் அடங்க வேண்டும் என்பதுதான் அவற்றின் அளவு. எட்டு மீட்டர் லாரியை ஏழரை சென்டிமீட்டருக்குச் சுருக்கினால் 1:107 வந்துவிடும். அதே பெட்டியில் வரும் கார் 1:60 சுற்றி இருக்கும். இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் லாரி டிரைவர் கார்க்காரரின் இடுப்புக்குத்தான் வருவார்.

கேள்வி: மேடம், டைகாஸ்ட்டுன்னு சொல்லி வாங்கினேன். காந்தம் ஒட்டவே மாட்டேங்குது. ஏமாந்துட்டேனா?

இல்லை. டைகாஸ்ட் என்பது இரும்பு இல்லை. துத்தநாகம்தான் 90 சதவீதத்துக்கும் மேல், கூடவே ஏறக்குறைய 4 சதவீதம் அலுமினியம், கொஞ்சம் செம்பு, துளி மக்னீசியம். இந்தக் கலவைக்கு ஜமாக் என்று பெயர். துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு என்ற நான்குக்கும் உள்ள ஜெர்மன் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்தது அது. 380 டிகிரி சுற்றிலேயே உருகிவிடும் என்பதால் எஃகு அச்சுக்குள் அழுத்தி ஊற்றி, கதவின் கைப்பிடி வரை வார்த்தெடுக்கலாம். காந்தத்தை ஆக்சில் கம்பியில் வைத்துப் பாருங்கள், அங்கே ஒட்டும். உலோகமா பிளாஸ்டிக்கா என்ற சந்தேகம்தான் என்றால், கையில் எடுத்ததும் வரும் குளிர்ச்சியும் கனமுமே சொல்லிவிடும்.

கேள்வி: தாத்தா காலத்து லாரி ஒண்ணு கிடைச்சுது. பெயிண்ட் உப்பி, உடம்பெல்லாம் மெல்லிசா விரிசல். சரி பண்ண முடியுமா அக்கா?

இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது: முடியாது. வார்க்கும்போது துத்தநாகத்தில் ஈயம் கலந்துவிட்டால், உலோகத்தின் மணிகளுக்கு நடுவே அரிப்பு ஓடத் தொடங்கும். உலோகம் உள்ளுக்குள்ளேயே வீங்கும், வளையும், வெடிக்கும். 1930களில் வந்த வண்டிகளில் இது அதிகம். பிறகு சுத்தமான துத்தநாகம் பயன்படுத்தத் தொடங்கியதால் குறைந்துவிட்டது. பசை, பட்டி, பெயிண்ட் எதைப் போட்டாலும் உள்ளே நடப்பது நிற்காது.

பக்கத்து வண்டிக்குத் தொற்றிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், இது தொற்றுவதில்லை. ஈரமில்லாத, சூடு ஏறி இறங்காத இடத்தில் வையுங்கள், அடிக்கடி தொடாதீர்கள். என்னிடம் அப்படி ஒரு சின்ன வேன் இருந்தது. தூசி தட்டத் தூரிகையை எடுத்தேன், முன்பக்க மட்கார்டு பிஸ்கட் மாதிரி உதிர்ந்து விரலிலேயே வந்துவிட்டது. அன்றைக்கே எல்லாப் பக்கமும் படம் எடுத்து, நீள அகலத்தைக் குறித்துவைத்தேன். நீங்களும் இன்றே அதைச் செய்துவிடுங்கள். தாத்தாவின் லாரியை அதனால் பிறகு வேறு உலோகத்திலாவது திரும்பக் கட்டலாம்.

கேள்வி: அடியில ரிவெட் அடிச்சிருக்கு. ஸ்க்ரூவே இல்ல. எப்படித் திறக்குறது?

1:50 லாரிகளில் பெரும்பாலும் ஸ்க்ரூ இருக்கும். சின்ன வண்டிகளில்தான் ரிவெட். அது தனி ஆணி இல்லை. கேபினோடு சேர்த்து வார்த்த தூணின் நுனியைத் தட்டிப் பூப்போல விரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த விரிந்த தலையை மட்டும் நீக்கினால் போதும்.

தலையின் நடுவில் சென்டர் பஞ்ச் வைத்து ஒரு சின்னக் குழி தட்டுங்கள். குழி இல்லாமல் டிரில்லை வைத்தால் பிட் வழுக்கி சேசிஸில் கோடு போட்டுவிடும். 1.6 மில்லிமீட்டர் பிட்டால் தூணுக்குள் நேராக ஐந்தாறு மில்லிமீட்டர் இறக்குங்கள். மெதுவான வேகம் போதும். அடுத்து தூணைவிடக் கொஞ்சம் பெரிய பிட்டால் தலையை மட்டும் கடையுங்கள். ஒரு கட்டத்தில் தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும். அந்த நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் இரண்டு சுற்று போனாலும் தூண் குட்டையாகிவிடும், திரும்பப் பூட்டும்போது சேசிஸ் ஆடும்.

அந்த 1.6 துளை சும்மா போட்டதில்லை. எம்2 டேப்புக்கு, அதாவது 2 மில்லிமீட்டர் ஸ்க்ரூவுக்கு மரை வெட்டும் கருவிக்கு, சரியான அளவு அதுதான். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று டேப்பை இறக்கி மரை எடுத்துவிட்டால், அடுத்த முறை எம்2 ஸ்க்ரூவைக் கழற்றினாலே போதும். கண்ணாடி மாட்டிக்கொள்ளுங்கள். துத்தநாகச் சீவல் ஊசி மாதிரி தெறிக்கும்.

கேள்வி: பழைய பெயிண்டை எடுக்க காஸ்டிக் சோடாவுல ஊற வைக்கலாம்னு ஒருத்தர் சொன்னாரு. செய்யலாமா?

செய்யாதீர்கள். துத்தநாகமும் அலுமினியமும் காரத்தில் கரையும் உலோகங்கள். பெயிண்ட் போனதும் காஸ்டிக் சோடா உலோகத்தையே தின்னத் தொடங்கும், ஹைட்ரஜன் குமிழி குமிழியாகக் கிளம்பும். மேற்பரப்பு கறுத்துச் சொரசொரத்துப்போகும், கிரில்லின் மெல்லிய கோடுகள் மழுங்கிவிடும்.

ஜெல் பெயிண்ட் ரிமூவரே போதும். அதற்கு முன் கண்ணாடி, சீட், பம்பர், டயர் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், பிளாஸ்டிக் ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. ஜன்னல் திறந்திருக்கட்டும், கையுறை கட்டாயம். பெயிண்ட் சுருங்கி எழுந்ததும் பழைய பல்துலக்கியால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். அதன் பிறகு வெறும் விரலால் தொடவே கூடாது. ரேகையில் இருக்கும் எண்ணெய், பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை ஒட்டவிடாது.

பழங்கால வண்டி என்றால் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள்.

கேள்வி: ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சேன், ரெண்டாவது கோட்டுல தோல் சுருங்கின மாதிரி ஆயிடுச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்?

மேலே அடித்தது லாக்கர், கீழே இருந்தது எனாமல் என்று நினைக்கிறேன். லாக்கரில் இருக்கும் தின்னர் காட்டமானது. கீழே இருக்கும் எனாமலைக் கிளறி உப்பவைத்துவிடும். லாக்கர் மேல் எனாமல் அடிக்கலாம், எனாமல் மேல் லாக்கர் கூடாது. இரண்டும் எனாமல்தான் என்றால், முதல் கோட் பாதி காய்ந்திருந்தபோது அடுத்ததை அடித்திருப்பீர்கள். மேலே தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும், உள்ளே ஈரம் இருக்கும். டப்பாவில் போட்டிருக்கும் இடைவெளியை அப்படியே நம்புங்கள்.

இன்னொன்று, ஸ்ப்ரேயை வண்டி மேல் வைத்துத் தொடங்காதீர்கள். வண்டிக்கு வெளியே அழுத்தி, கடந்துபோய், வெளியே போனதும் விடுங்கள். முதல் கோட்டில் அடியிலிருக்கும் பிரைமர் தெரிந்தால் தப்பில்லை, தெரியத்தான் வேண்டும். ஒரே கோட்டில் மூடப் பார்த்தால் பெயிண்ட் கதவு இடுக்கிலெல்லாம் தேங்கி, கேபின் சோப்புக்கட்டி மாதிரி வழவழத்துப்போகும். மழை நாளில் லாக்கர் அடிக்காமல் இருப்பது நல்லது, ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும்.

கேள்வி: கேபின்ல பேர் எழுதணும். வீட்டு பிரிண்டர்லயே டெகால் பண்ணலாமா அக்கா?

தாராளமாகப் பண்ணலாம். டெகால் என்பது தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட்டு ஒட்டும் மெல்லிய ஸ்டிக்கர். இங்க்ஜெட் என்றால், அச்சடித்த தாளின் மேல் இரண்டு மெல்லிய கோட் நிறமில்லாத கிளியர் வார்னிஷ் அடித்துக் காயவிட்ட பிறகே தண்ணீரில் போட வேண்டும். இல்லாவிட்டால் மை கரைந்து ஓடிவிடும். லேசர் பிரிண்டருக்கு இந்தக் கவலை இல்லை. வீட்டு பிரிண்டர் வெள்ளை நிறத்தை அச்சடிக்காது. அதனால் கரும்பச்சைக் கேபினில் மஞ்சள் எழுத்து வேண்டும் என்றால் வெள்ளை டெகால் தாளில், பின்னணிக்கும் அதே பச்சையைக் கொடுத்து அச்சடித்து ஓரம் வெட்டி ஒட்டுங்கள். பளபளப்பான பரப்பில் ஒட்டினால் டெகால் ஓரம் தெரியாது. மேட் பரப்பில் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும்.

கேள்வி: சக்கரத்தை மாத்தினேன். ஆனா லாரி மாதிரியே இல்ல, ஏதோ ஜீப் மாதிரி நிக்குது.

கனரக லாரி டயரின் விட்டம் நிஜத்தில் ஒரு மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். 1:64இல் 16 மில்லிமீட்டர், 1:50இல் 21. உங்கள் சக்கரத்தை ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள், பெரிதாகத்தான் இருக்கும்.

ரிம்மையும் கவனியுங்கள். ரோட்டில் அடுத்த லாரி நிற்கும்போது கிட்டப் போய்ப் பாருங்கள்: முன்சக்கரத்தின் நடு வெளியே புடைத்திருக்கும். பின்னால் இரட்டைச் சக்கரத்தில் வெளிப்பக்க ரிம் உள்ளே குழிந்திருக்கும். ஒரே மாதிரி ரிம்மை எல்லா இடத்திலும் மாட்டினால், எங்கே தப்பு என்று சொல்லத் தெரியாவிட்டாலும் கண் உறுத்தும். டயர் மினுமினுப்பையும் விட்டுவைக்காதீர்கள், தரையில் படும் பாகத்தை உப்புத்தாளில் நாலு சுற்று உருட்டுங்கள்.

கேள்வி: ஓடி உழைச்ச லாரி மாதிரி அழுக்காக்கணும். பிரவுன் கலரை மேலெல்லாம் பூசினேன், சேத்துல விழுந்த மாதிரி இருக்கு.

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படியாது, ஒவ்வோர் அழுக்குக்கும் ஒரு காரணம் உண்டு. சக்கரத்துக்குப் பின்னால் தூசி, ஏனென்றால் டயர் அங்கேதான் வாரியிறைக்கிறது. டீசல் டேங்க் மூடிக்குக் கீழே கறுத்து வழிந்த கோடு. சைலன்சர் வாயருகே புகைக்கரி. ட்ரெய்லர் பூட்டும் தட்டில் கறுப்பு கிரீஸ், அது மட்டும் பளபளக்க வேண்டும். டிப்பரின் உட்பக்கத்தில் கீறல்கள் எல்லாம் பின்கதவை நோக்கியே ஓட வேண்டும், ஜல்லி சரிவது அந்தப் பக்கம்தானே. அங்கே ஸ்பாஞ்சுத் துண்டில் வெள்ளி பெயிண்டைத் தொட்டு, தாளில் ஒற்றிக் காயவைத்து, மிச்சத்தை இழுங்கள்.

முன்கண்ணாடிக்கு நான் செய்வது இது. மாஸ்கிங் டேப்பில் வைப்பர் துடைக்கும் அளவுக்கு விசிறி வடிவம் வெட்டிக் கண்ணாடியில் ஒட்டுவேன். அதன்மேல் மேட் வார்னிஷை லேசாக ஊதி, காய்ந்ததும் டேப்பை உரிப்பேன். சுற்றிலும் தூசி மங்கல், நடுவில் வைப்பர் துடைத்த தெளிந்த பிறை. இதை முதல்முறை செய்த இரவு, உள்ளே யாரோ உட்கார்ந்து அந்த வண்டியை ஓட்டிவந்த மாதிரியே எனக்கு இருந்தது. தூங்கப் போக மனசே வரவில்லை.

தூசிக்கு சாக் பேஸ்டலை உப்புத்தாளில் தேய்த்து வரும் பொடி போதும். மேட் வார்னிஷ் அடித்தால் பொடி பாதி மறைந்துவிடும், அதைக் கணக்கில் வைத்துக் கொஞ்சம் கூடவே போடுங்கள். தார்ப்பாய்க்கு டிஷ்யூ தாள்: தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையில் நனைத்துச் சுமைமேல் போர்த்தி, ஈரமாக இருக்கும்போதே தையல் நூலால் கட்டிவிடுங்கள்.

கேள்வி: ஹெட்லைட்டை சூப்பர் க்ளூல ஒட்டினேன், கண்ணாடி வெள்ளையா பூத்துடுச்சு.

அந்தப் பசையின் ஆவி படிந்ததுதான் அது. பற்பசையைத் துணியில் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் ஓரளவு தெளியும். இனிமேல் தெளிவான பாகங்களுக்கு வெள்ளைப் பசை, உலோகத்தோடு உலோகம் சேர இரண்டு டியூபாக வரும், கலந்து ஒட்டும் எபாக்ஸி பசை.

கேள்வி: பெட்டியோட இருக்கிற அரிய லாரியை மாத்திக் கட்டலாமா? மனசு கேக்கல.

வேண்டாம். சேகரிப்பவர்கள் வண்டிகளை வகை பிரிக்கும் எண் ஒன்று உண்டு, கோட் (code) என்பார்கள், பெயிண்ட் கோட் இல்லை. கம்பெனி செய்தபடியே இருப்பது கோட் 1. கம்பெனி அனுமதியோடு மாற்றியது கோட் 2. நாம் வீட்டில் மாற்றுவது கோட் 3. சேகரிப்பவர்கள் கோட் 3ஐ அசலின் கணக்கில் வைக்கமாட்டார்கள். அதைவிட முக்கியம், அப்படியே மிஞ்சியவை ஏற்கெனவே குறைவு. பெட்டி தொலைந்து, கண்ணாடி உடைந்து, பெயிண்ட் உதிர்ந்து ஒரு லாரி எங்காவது கிடைக்கும். அதை எடுங்கள்.

கேள்வி: ரெண்டு வருஷமா பெட்டியிலேயே வெச்சிருந்தேன். திறந்தா டயர் பட்ட பிளாஸ்டிக் எல்லாம் உருகிக் குழி விழுந்திருக்கு. சூடா அக்கா?

சூடு அதை விரைவுபடுத்தியிருக்கும், மூலகாரணம் டயர்தான். அதை மெத்தென்று வைத்திருக்கக் கலந்த எண்ணெய்ப் பொருள் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை இளக்கிவிடுகிறது. நெடுநாள் வைப்பதாக இருந்தால் சேசிஸுக்கு அடியில் ஒரு கட்டை கொடுத்து, டயர் எதன்மேலும் படாமல் தூக்கி வையுங்கள். குமிழி உறையை நேராகப் பெயிண்ட் மேல் சுற்றினால் வட்ட வட்டமாகத் தடம் விழும், நடுவில் அமிலமில்லாத டிஷ்யூ தாள் போடுங்கள். ஓக் மரப் பெட்டியைத் தவிர்த்துவிடுங்கள், அதிலிருந்து வரும் அசிட்டிக் அமில ஆவி துத்தநாகத்தை அரிக்கும். வெயில் படும் ஜன்னலோரமும் ஆகாது, சிவப்புதான் முதலில் வெளுக்கும்.

குழி விழுந்த தட்டைத் தூக்கிப்போட வேண்டாம். பட்டி வைத்து நிரவி, நீர் தொட்டு உப்புத்தாளில் தேய்த்து, கறுப்பு மேட் அடித்துவிடலாம். ஒரு மாலை நேர வேலைதான்.