டேட்டாபேஸ் டிரைவர் ஏன் மதிப்புகளை இப்படித் தருகிறது? கேள்வி பதில்

கேள்வி: போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஐடி பிக்இன்ட் (64 பிட் முழு எண்). நோட்.ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட்டை இயக்கும் தளம்) எடுத்தால் ஸ்டிரிங்காக (எழுத்துச் சரமாக) வருகிறதே, இது பிழையா?

பதில்: இல்லை, தெரிந்தேதான் அப்படித் தருகிறார்கள். போஸ்ட்கிரெஸ் விடையோடு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு வகை எண்ணையும் அனுப்பும். பிக்இன்ட்டுக்கு 20, நியூமெரிக்குக்கு (துல்லியமான தசம எண்) 1700. அதைப் பார்த்துத்தான் எதை எப்படி மாற்றுவது என்று டிரைவர் (நிரலை டேட்டாபேஸோடு இணைக்கும் நூலகம்) முடிவு செய்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் நம்பர் 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் தாங்கும். 9007199254740993 என்ற ஐடியை நம்பராக்கிப் பாருங்கள், கடைசி இலக்கம் 2 ஆகியிருக்கும். எர்ரர் வராது. வேறொருவருடைய வரிசையை அப்டேட் செய்துவிட்டுப் போவீர்கள்.

கேள்வி: நியூமெரிக்கும் ஸ்டிரிங்தான். பார்ஸ்ஃப்ளோட் போட்டு நம்பராக்கிக்கொள்ளலாமா?

பதில்: பணமா? கூடாது, ஃப்ளோட்டில் தசமங்கள் பிசகும். டெசிமல் நூலகம் ஒன்றைச் சேருங்கள். பைதானில் சைகோபிஜி2 என்ற டிரைவர் டெசிமலாகவே தந்துவிடும்.

கேள்வி: ஜாவாவில் கெட்இன்ட் போட்டால், நல் (NULL, மதிப்பே இல்லாத நிலை) இருக்கும் இடத்திலும் 0 வருகிறது.

பதில்: இன்ட்டில் நல்லுக்கு இடமில்லை. படித்தது NULL-ஆ என்று உடனே வாஸ்நல்லைக் (wasNull) கேளுங்கள்.

கேள்வி: முதல் பதிலை ஏற்க முடியவில்லை. ஜாவாஸ்கிரிப்ட்டிலேயே பிக்இன்ட் வகை இருக்கிறதே, அதையே தரலாமே?

பதில்: தரலாம். வகை எண் 20-க்கு உங்கள் மாற்றியைப் பதிவு செய்ய டிரைவரில் வழியும் இருக்கிறது. ஆனால் அந்த மதிப்பை ஜேசனாக்கப் போனால் டைப்எர்ரர். சாதாரண நம்பரோடு கூட்டினாலும் டைப்எர்ரர். இயல்பிருப்பை மாற்றினால் எத்தனை பேருடைய பழைய நிரல் உடையும்?

கேள்வி: (அதே நபர்) சத்தமாக உடையட்டுமே! வரிசைகளை எண்ணும் கவுன்ட் கூட ஸ்டிரிங். '5' + 1 போட்டால் '51'. இது மட்டும் மௌனப் பிழை இல்லையா?

பதில்: சரி, அது நியாயமான அடி. கவுன்ட் தருவதும் பிக்இன்ட்தான், அதனால் அதுவும் மாட்டிக்கொள்கிறது. வினவலிலேயே இன்ட்டாக மாற்றுங்கள். 2147483647-ஐத் தாண்டினால் போஸ்ட்கிரெஸே எர்ரர் தரும். இருந்தாலும் '51' முதல் சோதனையிலேயே கண்ணில் படும். கடைசி இலக்கம் தேய்ந்த ஐடி படாது. என் கட்சி ஸ்டிரிங்தான்.

கேள்வி: (குறுக்கே இன்னொருவர்) மைசீக்குவெல் டிரைவர் நம்பராகத் தருகிறதே?

பதில்: பெரிய எண்களுக்கான தேர்வை இயக்காவிட்டால் தரும், தேய்த்துத் தரும். ஐடி பெரிதாகும்வரை தெரியாது.

கேள்வி: நியூமெரிக் ஏன் ஸ்டிரிங்காக வருகிறது?

பதில்: மேலே இருக்கிறது.

கேள்வி: நோட்.ஜேஎஸ்ஸில் தேதி ஒரு நாள் பின்னால் போகிறது.

பதில்: டேட் நெடுவரிசையில் நேரமே இல்லை. டிரைவர் உள்ளூர் நள்ளிரவைச் சேர்த்து டேட் ஆப்ஜெக்ட் ஆக்குகிறது. உங்கள் நேரம் யுடிசிக்கு (உலகப் பொது நேரம்) முன்னால் இருந்தால், ஐஎஸ்ஓ ஸ்டிரிங்காக்கும்போது முந்தைய நாளாகிவிடும். வகை எண் 1082-க்கு ஸ்டிரிங்கை அப்படியே விடச் சொல்லுங்கள்.

கேள்வி: தொகையை நம்பராக்கினால் பைசா உதைக்கிறது...

பதில்: பணத்தை ஃப்ளோட்டில் வைக்காதீர்கள். இதை இன்னும் எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: மோங்கோவில் எப்படி?

பதில்: அது என் பேட்டை இல்லை. தெரிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி: மைசீக்குவெல் டைனிஇன்ட்(1)-ல் 2 வைத்தேன். ஜாவாவில் கெட்ஆப்ஜெக்ட் ட்ரூ தருகிறது.

பதில்: அடைப்புக்குள் இருக்கும் 1-ஐப் பார்த்து அதை பூலியன் என்று எடுத்துக்கொள்கிறது. இணைப்பு முகவரியில் டைனிஇன்ட்1இஸ்பிட்டை ஃபால்ஸ் ஆக்குங்கள், 2 வரும்.