அவுட்டோர் ஷூட்டுக்கு எந்த பிளாஷ்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வெளியிடங்களில் மாடல்களை வைத்துப் படமெடுப்பவர்கள் பேட்டரி பிளாஷ் வாங்குவது பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஈரோட்டில் புடவைக் கடைகளுக்கு மாடல் வைத்துப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். வயல், ஆற்றங்கரை, பழைய வீடு என்று பெரும்பாலும் வெளியில்தான் வேலை. பத்து மணி ஆனதும் கண்ணுக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுகிறது. கையில் 45,000 ரூபாய் இருக்கிறது. கேமரா மேல் மாட்டும் ஸ்பீட்லைட் இரண்டு வாங்கலாமா, 200 வாட்-செகண்ட் பிளாஷ் ஒன்று வாங்கலாமா?

200 ஒன்று வாங்குங்கள் (வாட்-செகண்ட் என்பது பிளாஷ் ஒரு அடியில் கொட்டும் சக்தியின் அளவு). ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்கு பார்க்க வேண்டும்.

நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் 1/200 விநாடி வைத்தால் அப்பெர்ச்சர் (லென்ஸின் திறப்பு; எஃப் எண் குறைந்தால் திறப்பு பெரிது) எஃப் 11 பக்கம் வரும். ஷட்டரை அதற்கு மேல் அதிகம் ஏற்ற முடியாது. பெரும்பாலான கேமராக்களில் சாதாரண பிளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஒத்துப்போகும். மாடலை வெயிலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்தால் முகம் நிழலுக்குள் போய்விடும். அந்த முகத்தை எஃப் 8, எஃப் 11 அளவுக்குத் தூக்கிவிடுவதுதான் பிளாஷின் வேலை. அதுவும் வெளிச்சத்தை மென்மையாக்கும் குடை வழியாக. குடையோ சாஃப்ட்பாக்ஸோ போட்டாலே வெளிச்சத்தில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதி) வரை போய்விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேமரா மேல் மாட்டும் ஸ்பீட்லைட்டின் சக்தி சுமார் 60 முதல் 76 வாட்-செகண்ட். கோடாக்ஸ் வி1 76. அதே கம்பெனியின் ஏடி200 ப்ரோ 200. ஆக, மூன்று ஸ்பீட்லைட்டை ஒரே குடைக்குள் கட்டினால்தான் ஒரு 200-க்கு ஈடு. இரண்டு வாங்கினால் விளக்கு இரண்டு, ட்ரிகர் (கேமராவில் இருந்து பிளாஷை அடிக்க வைக்கும் கருவி) ஒன்று, ஸ்டாண்டு இரண்டு, எட்டு பென்சில் பேட்டரி என்று சாமான் கூடும். வெயிலை ஜெயிக்கும் பவர் மட்டும் கூடிவிடாது. பென்சில் பேட்டரியில் முழு பவரில் ஒரு தடவை அடித்தால் மறுபடி நிரம்ப இரண்டு, மூன்று விநாடி ஆகும். அந்த இடைவெளியில் மாடல் திரும்பிப் பார்த்த நல்ல பார்வை போய்விடும். ஏடி200 ப்ரோ சுமார் 1.8 விநாடியில் நிரம்பிவிடும், ஒரு சார்ஜில் முழு பவரில் சுமார் 500 தடவை அடிக்கும். ஒரு அரை நாள் வேலைக்குத் தாராளம்.

பவரைப் பற்றி இவ்வளவு பேசினாலும், காசு செலவழிக்காமல் பவரைக் கூட்ட ஒரு வழி உண்டு: பிளாஷைக் கிட்டே கொண்டுபோவது. மூன்று மீட்டரில் இருக்கும் பிளாஷை ஒன்றரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் முகத்தில் விழும் வெளிச்சம் நான்கு மடங்கு. அதாவது 200 வாங்கிய காசுக்கு 800 கிடைத்த மாதிரி. இடுப்புவரை எடுக்கும் படங்களில் குடையின் விளிம்பு ஃப்ரேமுக்கு வெளியே ஒரு கை தூரத்தில் இருக்கட்டும். புடவை முழுதும் தெரிய எடுக்கும்போதுதான் தள்ளிப்போக வேண்டியிருக்கும். அங்கேதான் 200 என்பதன் அருமை தெரியும்.

புடவை என்பதால் இன்னொன்று. பட்டுப் புடவையின் ஜரிகைக் கரையில் குடையில்லாமல் நேரடியாக பிளாஷ் அடித்தால், கரை வெள்ளைக் கோடாக வெந்துபோய் டிசைனே தெரியாது. கடைக்காரர் முதலில் பார்ப்பது அந்தக் கரையைத்தான். எனவே 45,000-ல் குடைக்கும் கனமான ஸ்டாண்டுக்கும் முதலிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில் பிளாஷும் ட்ரிகரும் வாங்குங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்து, கடைசியில் 400 ரூபாய் ஸ்டாண்டில் 30,000 ரூபாய் பிளாஷை நிறுத்துகிறார்கள்.

கேள்வி: பின்னணி மங்கலாக வர எஃப் 2.8-ல் எடுக்க ஆசை. அதற்கு ஹெச்எஸ்எஸ் உள்ள பிளாஷ்தான் வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

ஒரு வழி அது. எஃப் 2.8-ல் வெளிச்சம் அதிகமாக உள்ளே வருவதால் ஷட்டரை வேகமாக்க வேண்டும். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் சிங்க்) என்றால் ஷட்டர் திறந்து மூடும் நேரம் முழுக்க பிளாஷ் படபடவென்று விட்டுவிட்டு அடிக்கும். அதனால் 1/2000, 1/4000 வரை போகலாம். ஆனால் பவரில் இரண்டு ஸ்டாப் அல்லது அதற்கு மேலும் பறிபோகும். ஸ்பீட்லைட்டில் ஹெச்எஸ்எஸ் இருக்கிறது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பது உண்மைதான். உச்சி வெயிலில் குடையோடு அது முகம் வரை வந்து சேருமா என்பது வேறு விஷயம்.

இன்னொரு வழி லென்ஸில் என்டி ஃபில்டர், அதாவது வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி. என்டி16 நான்கு ஸ்டாப் குறைக்கும். எஃப் 11 இருந்த இடத்தில் எஃப் 2.8 வரும், ஷட்டர் 1/200-லேயே இருக்கும். இதில் பிளாஷுக்கு வேலை குறையாது, கூடவும் செய்யாது. மிக மலிவான ஃபில்டர்களில் தோல் நிறம் பச்சையாகவோ பழுப்பாகவோ சாயும், எனவே வாங்கும் முன் ஒரு வெள்ளைத் துணியை எடுத்துப் பாருங்கள். ஹெச்எஸ்எஸ் இல்லாத பழைய பிளாஷ் கையில் இருந்தால் அதைத் தூக்கிப் போடாமல் ஃபில்டர் வாங்குவதுதான் சிக்கனம்.

கேள்வி: கடையில் "பிளாஷ் எதுக்கு சார், 200 வாட் எல்இடி வாங்குங்க, வீடியோவுக்கும் ஆகும்" என்கிறார். அதுவும் 200, இதுவும் 200 தானே?

இல்லை. எல்இடியின் 200 என்பது வாட். ஒரு விநாடி முழுக்க எரிந்தால்தான் 200 வாட்-செகண்ட். உங்கள் ஷட்டரோ 1/200 விநாடிதான் திறந்திருக்கிறது. அந்த நேரத்தில் எல்இடி கொடுப்பது ஒரே ஒரு வாட்-செகண்ட். பிளாஷ் தன் 200-ஐயும் கிட்டத்தட்ட அதே நேரத்துக்குள் கொட்டிவிடும். அதே மின்சாரத்துக்கு எல்இடி கூடுதல் வெளிச்சம் தரும் என்பது சரிதான், ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளியை அது அடைக்காது.

அந்தி நேரம், வீட்டுத் திண்ணை, இரவுத் தெரு என்றால் எல்இடி நன்றாகவே இருக்கும். வீடியோவுக்கு அதுதான் வேண்டும். பகலில் வெயிலோடு போட்டி போட அதை வாங்காதீர்கள். போதாக்குறைக்கு, கிட்டே வைத்தால் மாடல் கண்ணைச் சுருக்கிக்கொண்டே நிற்பார்.

கேள்வி: கேனன் 200டி இரண்டாம் மாடலுக்கு ஒரு பிளாஷும் சாதாரண ரேடியோ ட்ரிகரும் வாங்கினேன். கையால் பட்டனை அழுத்தினால் பிளாஷ் அடிக்கிறது, கேமராவில் இருந்து அடிக்கவே இல்லை. கடையில் "கேமராதான் கோளாறு, திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார்கள்.

கேமராவின் மேல் உள்ள ஹாட் ஷூவை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு உலோகப் புள்ளி இருக்க வேண்டும். உங்கள் மாடலில் கேனன் அந்தப் புள்ளியையே வைக்கவில்லை. அது கோளாறு இல்லை, தயாரிப்பே அப்படி. அந்த ஒற்றைப் புள்ளியை நம்பி வேலை செய்யும் சாதாரண ட்ரிகர், பிளாஷ் எதுவும் அதில் அடிக்காது. கேனனுக்கென்றே செய்த ட்ரிகர்களில், உங்கள் மாடலின் பெயரைத் தன் பட்டியலில் சொல்லும் ஒன்றைத்தான் வாங்க வேண்டும். அதையும் கடையிலேயே மாட்டி அடித்துப் பார்த்த பிறகு.

அதுவரைக்கும் ஒரு ஒப்பேற்றல்: உங்கள் பிளாஷில் எஸ்2 என்ற மோடு இருந்தால் அதில் வையுங்கள், கேமராவின் சொந்த பிளாஷைத் தூக்கிவிடுங்கள். அந்த வெளிச்சத்தைப் பார்த்து இது அடிக்கும். நிழலிலும் வீட்டுக்குள்ளும் சரியாக வரும், வெயிலில் நம்ப முடியாது.

பணம் திரும்பக் கிடைக்குமா என்றால், வாங்கும்போது கேமரா பெயரைச் சொல்லி "இதுக்கு ஆகுமா" என்று கேட்டு, ஆகும் என்று அவர்கள் சொல்லியிருந்தால் நியாயம் உங்கள் பக்கம். வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தால் அந்த மெசேஜை அழிக்காதீர்கள். கேட்கவே இல்லை என்றால் ட்ரிகரில் பழுது ஏதும் இல்லாததால் சட்டமாகப் பேச இடம் குறைவு. வித்தியாசத்தைக் கொடுத்து மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய பிளாஷ் இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் "இது எங்கள் வழியாக இறக்குமதி ஆனது இல்லை, வாரண்டி கிடையாது" என்கிறார்கள். விற்றவரோ, "நீங்கள் தொழிலுக்கு வாங்கினீர்கள், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்று மிரட்டுகிறார்.

மிரட்டலை முதலில் ஒதுக்கிவிடலாம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்குபவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அதே பிரிவு, சுயதொழில் செய்து தன் பிழைப்புக்காகவே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை வணிக நோக்கமாகக் கருதக் கூடாது என்றும் சொல்கிறது. தனியாளாகக் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரியும் போட்டோகிராபருக்கு இது நன்றாகப் பொருந்தும். பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைத்து ஸ்டூடியோ நடத்தினால் எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது.

இனி செய்ய வேண்டியது. விற்பனைப் பக்கத்தில் "ஒரு வருட வாரண்டி" என்று போட்டிருந்தால் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் அதை மாற்றுவதற்குள். பழுதான பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் ஆன்லைன் விற்பனையாளரைக் கட்டுப்படுத்துகின்றன. 1915-க்கு போன் செய்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதியுங்கள். பல தகராறுகள் அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் இருக்கும் டில்லிக்கோ மும்பைக்கோ அலைய வேண்டாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இனிமேல் வாங்குகிறவர்களுக்கு: பெட்டியின் மேல் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, மாதம், வருடம் எல்லாம் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அது இல்லாத பெட்டியை விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். ஜிஎஸ்டி பில்லில் பிளாஷின் சீரியல் நம்பரை எழுதச் சொல்லுங்கள். "எழுத மாட்டோம்" என்று சொல்லும் கடையில் ஏதோ இருக்கிறது.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் 600 வாட்-செகண்ட் பிளாஷ் ஒன்று பாதி விலைக்கு வருகிறது. எப்படிச் சோதிப்பது?

வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தி, கேமராவை முழு மேனுவலில் வைத்து, முழு பவரில் வரிசையாக இருபது படம் எடுங்கள். எல்லாப் படமும் ஒரே வெளிச்சத்தில் இருக்க வேண்டும். இடையில் ஒன்றிரண்டு மங்கினால் கெப்பாசிட்டரோ பேட்டரியோ தளர்ந்துவிட்டது. நிரம்பும் நேரத்தைக் கவனியுங்கள்: ஏடி600 ப்ரோ என்றால் முழு பவரிலும் ஒரு விநாடிக்குள் நிரம்ப வேண்டும். பழைய ஏடி600-க்கு இரண்டரை விநாடி சகஜம். பிளாஷ் குழாயின் உட்புறம் கறுத்திருக்கிறதா, பேட்டரி உப்பியிருக்கிறதா பாருங்கள். புது பேட்டரியின் விலையைக் கடையில் கேட்டுவிட்டு அதற்கப்புறம் பேரம் பேசுங்கள், பாதி விலை என்பது பாதி விலையாகவே இருக்காது. எந்தக் காரணத்துக்காகவும் திறந்து பார்க்க வேண்டாம். அணைத்து வைத்திருந்தாலும் உள்ளே கெப்பாசிட்டரில் பல நூறு வோல்ட் நிற்கும்.

600 உங்களுக்குத் தேவையா என்பதையும் யோசியுங்கள். மாதம் ஒரு நாள் ஜோடியை முழு உருவத்தில் கடற்கரையில் எடுப்பதற்கு என்றால் வாடகைக்கு எடுத்துவிடலாம்.

கேள்வி: ஈசிஆர் கடற்கரையில் குடை காற்றில் பறந்து ஸ்டாண்டோடு விழுகிறது. நல்ல ஸ்டாண்டு எது?

எந்த ஸ்டாண்டும் தனியாக நிற்காது. மத்தியானத்துக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும், அப்போது குடை வேண்டாம். சின்ன சாஃப்ட்பாக்ஸ் போதும். ஐந்து கிலோ மணலைத் துணிப்பையில் கட்டி ஸ்டாண்டின் கால்களில் ஒன்றின் மேல் போடுங்கள். கால்களில் ஒன்று காற்று போகும் திசையைப் பார்த்து இருக்கட்டும். ஒரு பையனை ஸ்டாண்டைப் பிடிக்க வையுங்கள், அவருக்குக் கொடுக்கும் கூலி பிளாஷ் ரிப்பேரை விடக் குறைவு. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் லேசான ஈரத்துணியால் துடைத்து உலர்த்துங்கள். உப்புக்காற்று முதலில் தின்பது பேட்டரி முனைகளையும் ஸ்டாண்டு திருகுகளையும்தான்.

கேள்வி: அந்தமானில் ஒரு ஷூட். பிளாஷ் பேட்டரியை விமானத்தில் கொண்டுபோகலாமா?

கைப்பையில் வைத்துக் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் உதிரி லித்தியம் பேட்டரி வைக்கக் கூடாது. 100 வாட்-ஹவருக்குள் இருந்தால் தனி அனுமதி வேண்டாம். அதிலிருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். கணக்கு சுலபம்: வோல்ட்டை மில்லி ஆம்பியர் ஹவரால் பெருக்கி ஆயிரத்தால் வகுக்க வேண்டும். ஏடி200 ப்ரோவுக்கு 14.4 வோல்ட், 2900 மில்லி ஆம்பியர் ஹவர். 42-க்குக் கொஞ்சம் குறைவாக வரும். ஏடி600 ப்ரோவுக்கு 75 பக்கம். முனைகள் மேல் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போடுங்கள். பேட்டரி மேல் அச்சடித்த எழுத்து அழிந்திருந்தால் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவிடுவார்கள், அப்படிப்பட்டதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.