காட்பாடி சிமெண்ட் தொட்டிக்கு என்ன செடி வைக்கலாம்?
நாலடி தொட்டி, மே மாச வெயில்ல எல்லாம் கருகிடுதுன்னு கேட்டிருந்தீங்கல்ல நண்பரே, நம்ம வேலூர் வெயிலுக்கு ஏரிக்கரைல தானா வளர்ற செடிங்கதான் சரி. முதல்ல நீர்ப்பிரமி, ஒரு கிள்ளு ஒடிச்சு ஓரத்து ஈர மண்ணுல சொருகுனா போதும், மண் காயாம இருந்தா முழு வெயிலையும் தாங்கும், சின்னதா வெளிர் பூ பூக்கும், அவ்ளோ அழகு. வல்லாரைக்கு மட்டும் மதியம் நிழல் வேணும். நடுவுல அல்லி ஒண்ணு, கிழங்க களிமண் நிரப்புன சின்ன தொட்டில வெச்சு தண்ணிக்குள்ள இறக்கிடுங்க, தேங்கா நார் கலவை வேணாம், மிதந்துடும். பொன்னாங்கண்ணி சாக்கடை ஓரத்துல பறிச்சதா இருந்தா சமைக்காதீங்க, ப்ளீஸ். ஆகாயத்தாமரை (வெங்காயத்தாமரை) பூவ பாத்து மயங்கி கொண்டாந்துடாதீங்க, தொட்டியையே மூடிடும், மழைத்தண்ணில அடிச்சிட்டு போனா ஏரியும் போச்சு. கொசுவுக்கு நாலு கப்பி மீன் விடுங்க, ஆனா அதுங்கள ஏரில மட்டும் கொண்டுபோய் விட்டுடாதீங்க.