மகன் விளையாட்டு வலைப்பூ எழுதுகிறான், தடுக்கலாமா?

அன்புள்ள சகோதரிக்கு,

பதினோராம் வகுப்பு படிக்கும் மகன் ராத்திரி கண்விழித்து விளையாட்டு வலைப்பூ எழுதுகிறான், கல்லூரியில் இதழியல்தான் படிப்பேன் என்று பிடிவாதம் பிடிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைவிட, ஒரு டிவி வர்ணனையாளர் வேலையிழந்ததைப் பற்றி அவன் எழுதிய பதிவுதான் உங்களுக்கு வயிற்றைக் கலக்குகிறது. நீங்கள் அனுப்பிய பதிவை இரண்டு முறை வாசித்தேன். பிள்ளைக்கு நன்றாகவே எழுத வருகிறது. "உள்ளே இருப்பவர்கள் சொல்கிறார்கள்" என்று தொடங்கும் ஒரு பத்திதான் சிக்கல். அதை யார் சொன்னார்கள் என்று அவனிடம் கேளுங்கள். திட்ட வேண்டாம், பொறுமையாகக் கேளுங்கள். "வேறெங்கோ படித்தேன்" என்று பதில் வந்தால் அந்தப் பத்தி இன்றைக்கே போகட்டும்.

"பத்திரிகையில் சேர்ந்தால் கௌரவம், வலைப்பூ என்றால் வம்பு" என்று முடித்திருக்கிறீர்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே அமெரிக்காவிலேயே இந்த இரண்டு தரப்பும் எதிரெதிரே நின்ற ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

2006 ஜூலையில் ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி தன்னுடைய பேஸ்பால் ஆய்வாளர் ஹரால்ட் ரெனால்ட்ஸை வேலையிலிருந்து நீக்கியது. பத்தாண்டுக்கு மேலாக "பேஸ்பால் டுநைட்" நிகழ்ச்சியில் தினமும் பார்த்த முகம். அவர் இனி எங்களோடு இல்லை என்பதோடு நிறுவனம் வாயை மூடிக்கொண்டது, காரணம் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எல்லாவற்றுக்கும் தொடக்கம். டெட்ஸ்பின் என்ற விளையாட்டு வலைப்பூ தொடங்கி அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அது போன்ற தளங்களில் மணிக்கொரு ஊகம் ஓடியது. ரெனால்ட்ஸ் வழக்குப் போட்டார், 2008-இல் சமரசம் ஆனது, பிறகு எம்எல்பி நெட்வொர்க் என்ற பேஸ்பால் தொலைக்காட்சியில் சேர்ந்து மறுபடியும் திரையில் வந்தார். அவர் வேலை முடிந்துபோன கதை என்று நினைத்து இஷ்டத்துக்கு எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

சரி, பத்திரிகைகளின் நிலைமை? அந்தக் காலத்தில் ஈஎஸ்பிஎன்-இன் பெயர்பெற்ற விவாத நிகழ்ச்சிகளில் உட்கார்ந்தவர்களே பத்திரிகைக் கட்டுரையாளர்கள்தான். வாஷிங்டன் போஸ்டின் டோனி கோர்ன்ஹைசரும் மைக்கேல் வில்பனும் 2001-லிருந்து அங்கே தினசரி நிகழ்ச்சி நடத்தினார்கள். அடுத்த ஆண்டு தொடங்கிய "அரவுண்ட் த ஹார்ன்" முழுக்கப் பல ஊர்ப் பத்திரிகைகளின் எழுத்தாளர்கள். யாரும் எதையும் மறைத்தார்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. ஆனால் சம்பளம் கொடுக்கும் நிறுவனத்தைப் பற்றித் துருவித் துருவி எழுதுவது யாருக்கும் எளிதல்ல. அந்த இடத்தில்தான் வெளியே இருந்த வலைப்பூக்காரர்களுக்கு வேலை இருந்தது. வாசகர்கள் அவர்களிடம் ஓடியதில் நியாயம் உண்டு.

அந்த வேலையை அவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதை உங்கள் மகன் கவனமாகப் பார்க்க வேண்டும். 2009-இல் இதே டெட்ஸ்பின், ஈஎஸ்பிஎன் மேல் கொண்ட கோபத்தில் அங்கு வேலை செய்பவர்களைப் பற்றிய உறுதி செய்யாத வதந்திகளை அடுக்கி வெளியிட்டது. பலத்த கண்டனம் வந்தது, வந்திருக்கத்தான் வேண்டும். அதே தளம் 2013 ஜனவரியில் செய்த காரியம் வேறு ரகம். நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து வீரர் மான்டி டேயோவின் காதலி ரத்தப் புற்றுநோயில் இறந்துவிட்டதாக ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட், ஈஎஸ்பிஎன் உட்படப் பெரிய ஊடகங்கள் உருகி எழுதியிருந்தன. டெட்ஸ்பின் எழுத்தாளர்கள் இருவர் சமூகப் பாதுகாப்புத் துறையின் இறப்புப் பதிவுகளைத் தேடினார்கள், பெயர் இல்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்ததாகச் சொன்னார்களே என்று அங்கே விசாரித்தார்கள், அப்படி ஒரு மாணவியே இல்லை. அந்தப் பெண் பிறக்கவே இல்லை, இணையத்தில் யாரோ உருவாக்கிய ஆள். எழுதிய இருவரில் ஒருவரான ஜாக் டிக்கி அப்போது கல்லூரி மாணவர்! உங்கள் மகனுக்கு இதை அவசியம் சொல்லுங்கள்.

பெரிய பத்திரிகை என்றால் தவறாது என்ற எண்ணமும் வேண்டாம். 1963-இல் சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட் என்ற இதழ், ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநர் வாலி பட்ஸ் தன் அணியின் ரகசியங்களை எதிரணிக்குச் சொல்லி ஆட்டத்தை விற்றுவிட்டதாக எழுதியது. ஆதாரம், தவறுதலாகத் தொலைபேசி இணைப்பில் நுழைந்து பேச்சைக் கேட்டதாகச் சொன்ன ஒரே ஒருவர். அவர் எடுத்த குறிப்புகளைப் பத்திரிகை வாங்கிப் பார்க்கவில்லை, ஆட்டத்தின் படச்சுருளையும் போட்டுப் பார்க்கவில்லை. 1967-இல் உச்ச நீதிமன்றம் வரை போய், பட்ஸுக்கு 4,60,000 டாலர் இழப்பீடு உறுதியானது. அந்த "உள்ளே இருப்பவர்கள்" பத்தியை நான் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது இதனால்தான். அவதூறு வழக்கு என்று வந்தால், எழுதியவர் பதினேழு வயதுப் பையன் என்பது பாதிக்கப்பட்டவருக்கு ஆறுதல் ஆகாது.

வேலை நிலவரத்தை மறைக்காமல் சொல்கிறேன். நியூயார்க் டைம்ஸ் 2023-இல் தன் விளையாட்டுப் பிரிவையே கலைத்துவிட்டு, விலைக்கு வாங்கிய தி அத்லெடிக் என்ற விளையாட்டுத் தளத்தின் செய்திகளைப் பயன்படுத்துகிறது. டெட்ஸ்பினில் 2019-இல் நிர்வாகத்தோடு மோதி ஊழியர்கள் கூட்டமாக வெளியேறினார்கள், 2024-இல் அந்தத் தளம் கைமாறியபோது இருந்தவர்களும் வேலையிழந்தார்கள். வெளியேறியவர்கள் சேர்ந்து 2020-இல் தொடங்கிய டிஃபெக்டர் தளம் வாசகர் சந்தாவில் நடக்கிறது. விளையாட்டு எழுத்தாளர் பில் சிம்மன்ஸ் இணையத்தில் எழுத ஆரம்பித்து ஈஎஸ்பிஎன் போய், அங்கிருந்து விலக்கப்பட்ட பிறகு சொந்த நிறுவனம் கட்டி ஸ்பாட்டிஃபைக்கு விற்றவர். அவரைக் காட்டி மகன் வாதம் செய்வான். அது விதிவிலக்கு, அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

அதனால் படிப்பை இப்படி யோசியுங்கள். இதழியலோடு புள்ளியியலோ வணிகமோ இரண்டாவது பாடமாக இருக்கட்டும். விளையாட்டுச் செய்தியில் பாதி இன்றைக்கு ஒப்பந்தமும் ஒளிபரப்பு உரிமையும்தான். செய்தித்துறை கைகொடுக்கவில்லை என்றாலும் அந்தப் படிப்பு சோறு போடும். கல்லூரி தேடும்போது பெயரை மட்டும் பார்க்காமல், மாணவர்கள் உண்மையான செய்தி அறையில் வேலை செய்கிறார்களா என்று கேளுங்கள். 1908-இல் தொடங்கிய மிசோரி இதழியல் பள்ளியில் பல்கலைக்கழகமே நடத்தும் கோமு டிவியில் மாணவர்கள் செய்தி தருகிறார்கள். வெளிமாநிலக் கட்டணமும் தனியார் கல்லூரிக் கட்டணமும் கடனில்தான் முடியும் என்றால், உங்கள் மாநிலப் பல்கலைக்கழகமும் அதன் மாணவர் பத்திரிகையும் போதும். இந்தத் துறையின் ஆரம்பச் சம்பளத்தில் பெரிய கடனை அடைப்பது ரொம்பக் கஷ்டம்.

வலைப்பூவை நிறுத்தச் சொல்லாதீர்கள். பணிநீக்கச் செய்திமேல்தான் அவனுக்கு ஆர்வம் என்றால், அதையே ஆவணத்தோடு எழுதட்டும். உங்கள் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகம் ஏதாவது ஒன்றின் கால்பந்துப் பயிற்சியாளர் ஒப்பந்தத்தை, அரசு ஆவணங்களை யாரும் கேட்டுப் பெற வழிசெய்யும் பொதுப் பதிவுச் சட்டத்தின்படி கேட்டு மின்னஞ்சல் அனுப்பச் சொல்லுங்கள். கைக்கு வந்ததும், தகுந்த காரணத்தோடு நீக்கினால் என்ன, காரணமில்லாமல் நீக்கினால் மிச்ச ஆண்டுகளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பிரிவுகளைத் தேடி வாசிக்கட்டும். பல்கலைக்கழகத்தின் கருத்தையும் கேட்கட்டும், பதில் வரவில்லையென்றால் கேட்டோம், வரவில்லை என்று எழுதட்டும். அப்படி ஒரு கட்டுரை தேறினால் எனக்கு அனுப்புங்கள். கல்லூரி விண்ணப்பத்தோடு எதை வைக்கலாம் என்று மூவரும் உட்கார்ந்து பேசலாம்.