சிறகடிப்பு நொடிக்கு 50 முறை
வாசகர் கேள்வி – பதில்: ஓசனிச்சிட்டு

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஹம்மிங்பேர்ட் எனப்படும் ஓசனிச்சிட்டைப் பற்றி வந்த கேள்விகளும், பறவை நோக்குவோரின் பதில்களும்.

கேள்வி: பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நிற்கிறது, பின்னோக்கியும் பறக்கிறது. இது எப்படி முடிகிறது?

பதில்: தோள்மூட்டுதான் காரணம். பெரும்பாலான பறவைகளுக்குச் சிறகைக் கீழே அடிக்கும்போதுதான் தூக்குவிசை கிடைக்கும். மேலே எடுக்கும்போது சிறகை மடக்கிக்கொள்ளும். ஓசனிச்சிட்டு அப்படி மடக்குவதில்லை. அதன் மேற்கை எலும்பு மிகக் குட்டை. சிறகின் பெரும்பகுதி மணிக்கட்டுக்கு அப்பால் உள்ள கைப்பகுதியே. அதை விறைப்பாக முன்னும் பின்னும் வீசி, ஒவ்வொரு திருப்பத்திலும் புரட்டிப்போடும். சிறகின் நுனி படுக்கவைத்த எட்டைப் போல ஒரு கோடு வரையும். முன்வீச்சு உடல் எடையில் 75 சதவீதத்தையும் பின்வீச்சு 25 சதவீதத்தையும் தாங்குவதாக 2005இல் வெளியான ஆய்வு அளந்து காட்டியது. பின்னோக்கிப் பறக்க, உடலைச் சற்று நிமிர்த்தி வீச்சின் சாய்வை மாற்றினால் போதும்.

கிழக்கு வட அமெரிக்காவில் கோடையில் வரும் செங்கழுத்து ஓசனிச்சிட்டின் எடை சுமார் 3 கிராம். சிறகடிப்பு நொடிக்கு 50 முறை அளவில் இருக்கும். கைப்பேசியில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோமோஷனை வைத்தால் ஓர் அடிப்புக்கு ஏறக்குறைய 5 படங்கள் கிடைக்கும். சிறகு புரள்வதைக் காண அதுவே போதும். கேமராவில் சிறகை உறையவைக்க வேண்டுமென்றால் 1/4000 நொடி அல்லது அதைவிட விரைவான ஷட்டர் வேகமும் நல்ல வெயிலும் வேண்டும்.

கேள்வி: ஃபீடரில் (பறவை குடிக்கத் தொங்கவிடும் துளையுள்ள புட்டி) சர்க்கரைத் தண்ணீர் வைத்தும் பறவை வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போய்விடுகிறது. ஒழுகல், எறும்பு, தேனீ வேறு. எங்கே தவறு?

பதில்: முதலில் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது கலங்கலாக இருந்தால், நூல் நூலாக ஏதாவது மிதந்தால், அது புளித்துவிட்டது என்று பொருள். பறவை ஒதுங்குவதற்கு அதுவே பெரும்பாலும் காரணம்.

கலவை எளியது: 1 கப் வெள்ளைச் சர்க்கரைக்கு 4 கப் தண்ணீர். சூடான நீரில் கரைத்து, முழுவதும் ஆறிய பிறகு ஊற்றுங்கள். நெடுநேரம் கொதிக்கவிட்டால் தண்ணீர் வற்றிக் கலவை கெட்டியாகிவிடும். மீதியை ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் வைக்கலாம். தேன் கூடவே கூடாது, தண்ணீர் சேர்ந்ததும் அதில் பூஞ்சை விரைந்து வளரும். வெல்லத்திலும் பழுப்புச் சர்க்கரையிலும் உள்ள இரும்புச்சத்து இந்தச் சிறிய உடலுக்குக் கேடு. சிவப்புச் சாயம் சேர்ப்பதை விட்டுவிடுங்கள். ஃபீடரின் சிவப்பு மூடியே பறவையை அழைத்துவிடும்.

வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தினமும் மாற்றுங்கள். மிதமான நாட்களில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும். பறவை குடித்துக் குறைந்த இடத்தில் புதிதாக ஊற்றி நிரப்புவது நல்லதல்ல, பழையதைக் கொட்டிவிட்டுக் கழுவுங்கள். சூடான நீரும் மெல்லிய தூரிகையும் வேண்டும். குடிக்கும் துளைகளுக்குள்ளும் தேயுங்கள். கரும்பூஞ்சை ஒட்டியிருந்தால் 4 லிட்டர் தண்ணீரில் 60 மி.லி. பிளீச் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, வாடை போகும் வரை அலசி, காயவைத்த பிறகே தொங்கவிடுங்கள். இதற்கெல்லாம் நேரம் இல்லாதவர்கள் ஃபீடரே வைக்காமல் பூச்செடி மட்டும் வைப்பது பறவைக்குச் செய்யும் நன்மை.

ஒழுகலுக்குக் காரணம் வெயில். கவிழ்த்த புட்டி பாதி காலியானதும் உள்ளிருக்கும் காற்று சூட்டில் விரிந்து, சர்க்கரை நீரைத் துளை வழியே வெளியே தள்ளும். எறும்பும் தேனீயும் அந்தச் சொட்டைத் தேடித்தான் வருகின்றன. நிழலுக்கு மாற்றுங்கள், அல்லது தட்டு வடிவ ஃபீடர் வாங்குங்கள். அதில் நீர்மட்டம் துளைக்குக் கீழே இருப்பதால் தேனீக்கு எட்டாது, பறவையின் நீண்ட நாக்குக்கு எட்டும். கொக்கிக்கு மேல் சிறு கிண்ணத்தில் வெறும் தண்ணீர் நிற்கவைத்தால் எறும்பு இறங்காது. எண்ணெயோ கிரீஸோ தடவாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவையால் அதைச் சுத்தம் செய்துகொள்ள முடியாது.

கேள்வி: ஒரே பறவை மற்ற எல்லாவற்றையும் விரட்டுகிறது.

பதில்: அதன் இயல்பு அது. இன்னொரு ஃபீடரை ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்று தெரியாத இடத்தில், வீட்டின் மறுபக்கம் தொங்கவிடுங்கள். விரட்டும் பறவை எந்த மொட்டைக் குச்சியில் காவலிருக்கிறது என்று பார்த்துவையுங்கள். திரும்பத் திரும்ப அங்கேயே வந்து உட்காரும். நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது.

கேள்வி: ஆண் பறவையின் சிவப்புக் கழுத்து எங்களுக்குக் கறுப்பாகவே தெரிகிறதே?

பதில்: அது சாயத்தால் வந்த நிறமல்ல. இறகின் நுண்ணடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது, குறுகிய கோணத்தில் மட்டுமே தெரியும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்குமாறு நின்று, பறவை உங்களை நோக்கித் திரும்பும் வரை காத்திருங்கள்.

கேள்வி: எந்தச் செடி வைக்கலாம்? மருந்து அடிக்கலாமா?

பதில்: அந்தந்த மண்ணுக்கே உரிய, குழல் வடிவப் பூச்செடிகள். கிழக்கு வட அமெரிக்காவில் கார்டினல் பூ, பவழ ஹனிசக்கிள், பீபாம் மூன்றும் சிறந்தவை. பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம். பூந்தேன் வெறும் எரிபொருள்தான். புரதம் சிறு பூச்சிகளிலிருந்தும் சிலந்திகளிலிருந்தும்தான் கிடைக்கிறது, குஞ்சுகளுக்கும் அதையே ஊட்டும். கூட்டைக் கட்டிப்பிடித்திருப்பதும் சிலந்தி நூல்தான். குஞ்சு வளர வளரக் கூடும் விரிந்துகொடுக்கும். தோட்டத்துச் சிலந்தி வலையைக் கலைக்காமல் விடுங்கள்.

கேள்வி: குளிர்ந்த விடியலில் ஒரு பறவை அசைவில்லாமல் இருந்தது. செத்துவிட்டதா?

பதில்: அனேகமாக இல்லை. இரவில் எரிபொருளை மிச்சப்படுத்த உடல் வெப்பத்தைக் குறைத்து உறைதூக்கத்தில் ஆழும். ஆண்டிஸ் மலையில் வாழும் ஓர் இனத்தின் உடல் வெப்பம் சுமார் 3 டிகிரி செல்சியஸ் வரை இறங்கியது பதிவாகியிருக்கிறது. தொடாதீர்கள், உடல் சூடேறி எழ அரை மணி நேரம்கூட ஆகலாம்.

கேள்வி: அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே பார்த்ததாகச் சிலர் சொல்கிறார்களே?

பதில்: அங்கே இயற்கையில் ஓசனிச்சிட்டு கிடையாது. அவர்கள் பார்த்தது தேன்சிட்டாக இருக்கலாம். அது பெரும்பாலும் கிளையில் உட்கார்ந்தே குடிக்கும். தலையில் உணர்கொம்பும் சுருளும் உறிஞ்சுகுழலும் தெரிந்தால் அது பருந்து அந்துப்பூச்சி.

கேள்வி: கார் ஷெட்டுக்குள் ஒன்று புகுந்து, கூரையையே முட்டிக்கொண்டிருக்கிறது.

பதில்: பயந்தால் மேலே பறப்பதே அதன் வழக்கம், அதனால் திறந்த கதவு அதன் கண்ணில் படாது. துரத்தினால் களைத்துவிடும். உள்விளக்குகளை அணைத்து, கதவை முழுதாகத் திறந்து, வாசலில் ஃபீடரையோ சிவப்புப் பூக்களையோ வைத்துவிட்டு விலகிநில்லுங்கள்.