மழை எந்தப் பக்கம் அடிக்கும்?

குட்டி ரயில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: செங்கோட்டை – புனலூர் மீட்டர்கேஜ் பாதையில் இருந்தது போன்ற ஓட்டுக்கூரை ஸ்டேஷன் ஒன்றை 1:87 அளவில் (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு) அட்டையில் மாடலாகச் செய்தேன். பழைய தோற்றம் வரட்டும் என்று பிரவுன் பெயின்டை நீர்க்கக் கரைத்து முழுக்கப் பூசினேன். பழசாகத் தெரியவில்லை, அழுக்காகத்தான் தெரிகிறது. சுவரும் வளைந்துவிட்டது. (கல்லூரி மாணவர், தென்காசி)

பதில்: தம்பி, நான் செய்த முதல் ஸ்டேஷனைப் பார்த்துவிட்டு என் மனைவி, "இது எப்போ தீப்பிடிச்சுது?" என்று கேட்டாள். நானும் உங்களைப் போலத்தான் ஒரே கலவையை முகட்டிலிருந்து அடிவரை இழுத்துவிட்டிருந்தேன்.

வளைந்ததற்கு மருந்து எளிது. அட்டை ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் முறுக்கிக்கொள்ளும். பெயின்டுக்கு முன்னால் இரண்டு பக்கமும், வெட்டிய ஓரங்களிலும் வார்னிஷ் ஒரு கை அடித்துக் காயவிடுங்கள். உள்பக்க மூலைகளில் குச்சி ஒட்டுங்கள்.

பழமைதான் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். தென்காசிக்காரருக்குச் சாரலைப் பற்றி நான் சொல்ல வேண்டுமா? ஆனி ஆடியில் மேற்கேயிருந்து அடிக்கிற சாரலில் மேற்குச் சுவர்தான் முதலில் கருக்கும். அதனால் மாடலின் அடியில் எது மேற்கு என்று பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். அந்தச் சுவரில் கரும்பச்சை கலந்த நீர்த்த பெயின்டை மேலிருந்து கீழாக மட்டும் இழுங்கள். கிழக்குச் சுவரில் அவ்வளவு வேண்டாம். எறவாணத்தை ஒட்டி, மழை படாத பட்டை வெள்ளையாகவே இருக்கட்டும். ஓட்டிலிருந்து கொட்டும் தண்ணீர் தரையில் விழுந்து, செம்மண்ணைச் சுவரில் ஒன்றரை அடிக்குத் தெறிக்கும். 87-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர். பழைய டூத் பிரஷ்ஷில் செம்மண் நிறத்தைத் தொட்டு விரலால் சுண்டினால் அச்சு அசலாக அந்தத் தெறிப்பு வரும். மேல் சுவரைக் காகிதத்தால் மூடிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மனிதர்கள். என் அப்பா ஸ்டேஷன் மாஸ்டர். நான் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். பிளாட்பாரம் பெஞ்சுக்குப் பின்னால் சுவரில் வரிசையாக எண்ணெய் வட்டங்கள் இருக்கும், காத்திருந்தவர்கள் தலை சாய்த்த இடம். தரையிலிருந்து நாலடி, உங்கள் மாடலில் 14 மில்லிமீட்டர். பக்கத்துப் பச்சை மரத்தூணில் வெற்றிலை போட்டவர்கள் மிச்சச் சுண்ணாம்பைத் துடைத்த விரல் கோடுகள். எத்தனை முறை பெயின்ட் அடித்தாலும் ஒரு மாதத்தில் திரும்ப வந்துவிடும். ஊசிமுனையில் வெள்ளை தொட்டு அப்படி நாலு கோடு போட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் பத்து நாள் ஒட்டிய கூரையை விட்டுவிட்டு அந்தத் தூணைத்தான் குனிந்து பார்க்கிறார்கள்.

இன்னொன்று. அந்தப் பாதை 1904-ல் திறந்தது. 2010-ல் மீட்டர்கேஜ் வண்டி நின்றது. 2018-ல் அகலப்பாதையாகத் திரும்பி வந்தது. நீங்கள் செய்வது எந்த வருஷத்து ஸ்டேஷன்? வண்டி ஓடாத காலத்து ஸ்டேஷன் என்றால் எண்ணெய் வட்டம் மங்கிப்போய், படிக்கட்டில் புல் முளைத்திருக்க வேண்டும்.

கேள்வி: பத்து வயது மகன் ரயில் செட்டுக்கு வீடு கேட்கிறான். கடையில் விற்கிற, ஒட்டிச் சேர்க்கும் கிட் விலை மலைக்க வைக்கிறது. மங்களூர் ஓடு மாதிரி பிளாஸ்டிக் ஷீட்டாவது வாங்கித்தான் ஆக வேண்டுமா? (இல்லத்தரசி, கோவை)

பதில்: வேண்டாம் அம்மா. பீரோவில் பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருக்குமே, அந்த அட்டை போதும். மங்களூர் ஓடு சுமார் 16 அங்குல நீளம். 1:87-ல் நாலரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. அந்த அகலத்துக்குப் பட்டைகள் வெட்டி, ஓரத்தில் இரண்டரை மில்லிமீட்டருக்கு ஒரு கீறல் கொடுத்து, ஒன்றின்மேல் ஒன்று சற்று ஏறும்படி எறவாணத்திலிருந்து முகட்டை நோக்கி ஒட்டச் சொல்லுங்கள். மேலிருந்து ஆரம்பித்தால் மழை உள்ளே போகும் என்று பையனே கண்டுபிடித்துவிடுவான். எல்லா ஓட்டுக்கும் ஒரே சிவப்பு அடிக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு ஓடு மட்டும் பளிச்சென்று இருக்கட்டும். உடைந்ததை மாற்றியிருக்கிறார்கள் என்று கணக்கு. முதல் முயற்சிக்கு ஸ்டேஷன் வேண்டாம், கேட் கீப்பர் அறை போதும்.

கேள்வி: பழைய தோற்றத்துக்காக மாடலில் கலர் சாக்பீஸ் பொடியைத் தடவி வார்னிஷ் ஸ்பிரே செய்தால் பாதி மறைந்துவிடுகிறதே? (மதுரை)

பதில்: மறையத்தான் செய்யும். வேண்டியதைவிட ஒரு பங்கு கூடுதலாகத் தடவி, தூரத்திலிருந்து மெல்லிசாக இரண்டு முறை அடியுங்கள். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் காய்ந்த பிறகு அதன்மேல் ஆல்கஹால் கலந்த மசியைப் பூசாதீர்கள், வெள்ளையாகப் பூத்துவிடும்.

கேள்வி: நான் செய்வது கரி எஞ்சின் காலத்து லேஅவுட் (பாதையும் ஸ்டேஷனும் சேர்ந்த மாடல்). புகைக்கறைக்கு எந்தக் கறுப்பு? (திருச்சி)

பதில்: கடையில் வாங்கவே வேண்டாம். கண்மைக்குப் பிடிப்பது போல எண்ணெய் விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்துப் பிடித்த கரி. ஆனால் ஸ்டேஷன் முழுக்க அப்ப வேண்டாம். பாதையைக் கடக்கும் நடைமேம்பாலத்தின் அடியில், தண்டவாளத்துக்கு நேர் மேலே நல்ல கறுப்பு, இரு புறமும் போகப் போகச் சாம்பல். அவ்வளவுதான். வெள்ளைச் சுவரைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிடுங்கள். நான் கழுவாமல் தொட்டு, ஒரு சுவரையே புதிதாக வெட்டினேன்.